முதன்முறை நிறுவுவோருக்குத் துணை நிற்றல்

சித்தூரிலும் திருப்பதியிலும், புத்தூர், நகரி, சத்தியவேடு முதலிய எல்லைப்புற ஊர்களிலும் வாழ்கிற தமிழ்க் குடும்பங்களில், வீட்டில் தமிழும் பள்ளியில் தெலுங்கும் கணினித் திரையில் ஆங்கிலமும் வழங்குவது நெடுங்காலமாய்ப் பழகிவிட்ட ஏற்பாடு. 1953-ல் ஆந்திர ராஜ்யம் தோன்றியபோது சித்தூர் ஜில்லா அதன் பங்காயிற்று. 1960-ல் திருத்தணி வட்டாரம் சென்னை ராஜ்யத்தோடு வந்து சேர்ந்தது. மற்ற ஊர்களின் தமிழர் அங்கேயே இருந்து இரண்டு பாஷைகளையும் கைக்கொண்டார்கள். ஆகையால் இப்பிரதேசத்தில் ஒருவர் தம் மடிக்கணினியில் புதிய இயங்குதளம் நிறுவ உட்காரும்போது, மற்ற ஊர்க்காரர்கள் யோசிக்காமலே கடந்துபோகிற ஒரு கேள்வி அவரை முதல் திரையிலேயே நிறுத்திவிடுகிறது: ‘உங்கள் மொழி எது?’ அதற்குரிய விடையை அதன் இடத்தில் சொல்வோம்.

இந்த வேலைக்கு இப்போது ஓர் அவசரம் வந்திருக்கிறது. 2015-ல் வெளியான விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தன் வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11-ஓ, டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு அமைப்பு இருந்தாக வேண்டும் என்கிறது. இன்டெல் செயலியானால் எட்டாந் தலைமுறைக்கு முற்பட்டவற்றைப் பொதுவாக ஏற்பதில்லை. விளைவாக, திரையும் விசைப்பலகையும் பழுதின்றி உழைத்துக்கொண்டிருக்கிற எத்தனையோ கணினிகள் திடீரென்று ‘பழசு’ ஆகிவிட்டன. கடைக்குக் கொண்டுபோனால், ‘புதுசு வாங்கிடுங்க சார்’ என்ற உபதேசம் கிடைக்கும். அல்லது சில நூறு ரூபாய்க்கு உரிமமில்லாத விண்டோஸ் ஒன்றை ‘ஃபார்மட் அடித்து’ப் போட்டுக் கொடுப்பார்கள். லினக்ஸ் வகையைச் சேர்ந்த ஓர் இயங்குதளத்தை உரியவரே தம் கையால் நிறுவிக்கொள்வது மூன்றாவது மார்க்கம். அந்த மார்க்கத்தில் முதன்முறையாக அடி வைப்பவருக்கும், அதைவிட முக்கியமாக அவருக்குப் பக்கத்தில் உட்காரப் போகிறவருக்கும், இவ்வத்தியாயம் எழுதப்படுகிறது. எஸ்.வி. பல்கலைக்கழகத்திலோ சுற்றியுள்ள பொறியியல் கல்லூரிகளிலோ படிக்கிற பிள்ளை ஒன்றாவது இல்லாத தெரு திருப்பதியில் அரிது. சித்தப்பாவின் கணினி, எதிர்வீட்டு டீச்சரின் கணினி, மாமாவின் மண்டிக் கணினி என்று யாவும் கடைசியில் அப்பிள்ளையின் மேஜைக்கே வந்து சேருகின்றன.

நிறுவுதல் முன்பு எவ்வளவு துர்லபமாக இருந்தது என்பதைச் சிறிது நினைத்துப் பார்ப்பது பிரயோஜனமுள்ளது. 1991-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கருவை வெளியிட்ட பின் சில வருஷங்கள் வரை, அதை நிறுவ விரும்பியவர் நெகிழ்வட்டுகளை அடுக்கி வைத்துக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாகச் செருக வேண்டியிருந்தது. தம் மானிட்டரின் கிடைமட்ட, செங்குத்து அதிர்வெண்களை எண்ணால் எழுதித் தர வேண்டியிருந்தது; எண் தவறினால் மானிட்டருக்கே சேதம் நேரலாம் என்ற எச்சரிக்கை வேறு. 2000-ல் ஜெர்மனியைச் சேர்ந்த கிளாஸ் நாப்பர் வெளியிட்ட நாப்பிக்ஸ் என்ற குறுந்தகடு, வன்வட்டைத் தொடாமலே முழு இயங்குதளத்தையும் ஓட்டிக் காண்பித்தது. 2004 அக்டோபரில் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளம் பிறந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் குறுந்தகட்டை இலவசமாகத் தபாலில் அனுப்பிவைக்கும் அதன் வழக்கம் 2011 வரை நீடித்தது. 2006 ஜூனில் வந்த உபுண்டுப் பதிப்பு, முதலில் ஓட்டிப் பார்த்துவிட்டு, பிடித்திருந்தால் அதே திரையிலிருந்து நிறுவிக்கொள்ளும் வசதியைத் தந்தது. 2007-ல் டெபியன் என்ற மற்றொரு லினக்ஸ் இயங்குதளம் தன் 4.0 பதிப்பில் வரைகலை நிறுவியைச் சேர்த்தது; நம் எழுத்துக்களைப் பொறுத்தவரை இது சாமானியமான மாறுதல் அல்ல, ஏனெனில் பழைய எழுத்துத் திரையில் தமிழையும் தெலுங்கையும் வரைந்து காட்டவே இயலாது. அதே 2007-ல்தான் சென்னை சி-டாக் நிலையத்தார் டெபியனை ஆதாரமாகக் கொண்ட ‘பாஸ்’ இயங்குதளத்தை வெளியிட்டார்கள். 2011-ல் தமிழக அரசு மாணவர்களுக்கு மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது, விண்டோஸுக்குப் பக்கத்தில் அதுவும் இடம் பெற்றது.

இவ்வாறு பலபேர் பல வருஷம் உழைத்து, நிறுவியிலிருந்து நீக்கத்தக்க கேள்விகளையெல்லாம் நீக்கிவிட்டார்கள். இன்று எஞ்சியிருப்பவை ஆறேழுதான்: மொழி எது, விசைப்பலகை எது, பழையதை அழிப்பதா வைப்பதா, எவ்வளவு இடம், பெயர் என்ன, கடவுச்சொல் என்ன என்ற தரத்தவை. இவற்றுக்கு எந்த நிரலும் விடையை ஊகித்துக்கொள்ள முடியாது; கணினிக்கு உரியவர் ஒருவருக்கே அது தெரியும். ஆனால் அவருக்கோ, இப்படியொரு கேள்வி வரப்போகிறது என்பதே தெரியாது. திரையில் கேள்வி தோன்றியபின் யோசிக்கத் தொடங்கினால் பதற்றமும், பதற்றத்தில் ஏதாவது ஒரு பொத்தானை அமுக்கிவிடுகிற சுபாவமும் மனித இயற்கை. எனவே இக்காலத்தில் நிறுவுதலை எளிதாக்குவது என்றால், அந்த ஆறேழு கேள்விகளையும் முந்தின நாளே, கணினியை மூடி வைத்துவிட்டு, உரியவரோடு உட்கார்ந்து பேசித் தீர்த்து ஒரு காகிதத்தில் எழுதிக்கொள்வதுதான். இதற்கு மேற்பட்ட சூக்ஷுமம் ஏதும் இதில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. வட்டைப் பகுக்கும் கேள்வியே இல்லாமல் நிறுவிவிடலாம் என்ற பிரயத்தனமும் ஒன்று நடந்தது. 2008-ல் உபுண்டுவோடு வந்த ‘வூபி’ விண்டோஸுக்குள்ளேயே ஒரு சாதாரண நிரலைப்போல அதை அமர்த்திக் கொடுத்தது. விண்டோஸ் 8-உம் யூ.இ.எஃப்.ஐ. என்ற புதிய எழுப்புமுறை கொண்ட கணினிகளும் வந்தபின் அது சரிவர ஓடாமற்போகவே கைவிடப்பட்டது.

முதலாவது தீர்மானம், இந்தக் கணினியில் மாற்றம் செய்யத்தான் வேண்டுமா என்பது. உற்சாகமுள்ள இளைஞர்கள் இதைக் கேட்காமலே ஆரம்பித்துவிடுகிறார்கள். திருப்பதியில் கல்யாணப் பத்திரிகை அச்சிடுகிற கடை ஒன்றில் அனு எழுத்துருக்களையும் பேஜ்மேக்கரையும் கொண்டு தெலுங்குப் பக்கம் அமைத்துக்கொண்டிருந்தால், அக்கணினியைத் தொடக் கூடாது. அவ்வளவு கோப்புகளும் விண்டோஸை நம்பியே இருக்கின்றன. டாலியில் கணக்கு வைத்திருக்கிற மளிகைக் கடைக்காரர், கைரேகைக் கருவி மாட்டியிருக்கிற மீ சேவா மையத்தார், டிஜிட்டல் கையொப்பச் சாவியைச் செருகி வரிக் கணக்குத் தாக்கல் செய்கிற ஆடிட்டர் ஆகியோருக்கும் அதுவே விதி. படிக்க, எழுத, பாட்டுக் கேட்க, வலைத்தளத்தில் விண்ணப்பம் பூர்த்தி செய்ய என்றிருக்கிற வீட்டுக் கணினிக்குத் தாராளமாகச் செய்யலாம். இரண்டு ஜிபி நினைவகம் மட்டுமே உள்ள கணினியிலும் லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளம் ஓடும் என்று அதைச் செய்தவர்கள் குறிப்பிடுகிறார்கள். சௌகரியமாக இருக்க வேண்டுமானால் நான்கு ஜிபி வேண்டும் என்பதும் அவர்கள் வாக்கே. வட்டில் 20 ஜிபி இடம் குறைந்தபக்ஷம். 100 ஜிபி உத்தமம்.

அடுத்தது கோப்புகளைக் காப்பாற்றுதல். எல்லா வழிகாட்டி நூல்களும் ‘முக்கியமானவற்றைப் பிரதி எடுத்துக்கொள்க’ என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போய்விடுகின்றன. அந்த வரியை அப்படியே வீட்டில் பிரயோகித்துப் பாருங்கள்.

‘சித்தப்பா, இதிலே முக்கியமானது ஏதாவது இருக்கா?’

‘ஒண்ணும் இல்லடா. எல்லாத்தையும் அழிச்சிட்டுப் போடு.’

சித்தப்பா பொய் சொல்லவில்லை. அந்தக் க்ஷணத்தில் அவருக்கு ஒன்றும் ஞாபகம் வரவில்லை. மூன்று வாரம் கழித்து வங்கியில் கேட்கும்போது ஞாபகம் வரும். ஆகவே பொதுவாகக் கேட்காமல், பொருளின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும்: பாப்பா கல்யாண போட்டோ எங்கே வெச்சிருக்கீங்க? டென்த் மார்க்ஸ் மெமோ ஸ்கேன் செய்தது? பட்டாதார் பாஸ்புக் காப்பி? மாங்காய் சீசனில் ஃபேக்டரிக்கு லோடு அனுப்பிய கணக்கு எக்செல்லில் போட்டீர்களே, அது? சித்தியின் மெயிலுக்குக் கடவுச்சொல் பிரவுஸரிலேயே இருக்கிறதா, எங்கேயாவது எழுதி வைத்திருக்கிறாரா? இப்படிக் கேட்டால் ஒவ்வொன்றாக வெளிவரும். டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் என்ற நான்கு உறைகளையும் வெளி வன்வட்டு ஒன்றில் முழுதாகப் பிரதி எடுத்துவிட்டு, அந்த வட்டைக் கழற்றி வேறொரு கணினியில் மாட்டி, இரண்டு மூன்று படங்களையாவது திறந்து பார்த்த பிற்பாடே காப்பாற்றியாகிவிட்டது என்று கொள்ள வேண்டும்.

மூன்றாவது, நிறுவப் போகிற கோப்பைத் தருவித்தல். லினக்ஸ் மின்ட் 22-இன் கோப்பு மூன்று ஜிபிக்குச் சற்றுக் குறைவு, உபுண்டு 24.04-இன் கோப்போ ஆறு ஜிபியை நெருங்குகிறது. கைப்பேசியில் நாளொன்றுக்கு ஒன்றரை ஜிபி, இரண்டு ஜிபி என்று அளந்து வாங்குகிறவர் ராத்திரி ஹாட்ஸ்பாட் போட்டு இதை இறக்க முயன்றால், பாதியில் அளவு தீர்ந்து வேகம் குன்றி, கோப்பு அரைகுறையாய் நின்றுவிடும். கல்லூரியிலோ கம்பி இணைப்புள்ள வீட்டிலோ இறக்குங்கள். டாரண்ட் முறையில் இறக்கினால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இறங்கியபின் அக்கோப்பின் ஷா-256 என்ற சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிட்டு, வெளியிட்டவர்கள் கொடுத்திருக்கும் எண்ணோடு ஒப்பிட வேண்டும். இது வீண் சடங்கு என்று பலர் விட்டுவிடுகிறார்கள். நிறுவுதல் நடுவழியில் காரணம் தெரியாமல் நின்றுபோவதற்குப் பழுதுபட்ட கோப்பு ஒரு பிரதான ஹேது.

அக்கோப்பைப் பென் டிரைவில் சாதாரணமாய்ப் பிரதி செய்து வைத்தால் கணினி அதிலிருந்து எழாது என்பதைப் புதியவருக்கு முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எட்டு ஜிபியோ அதற்கு மேலோ கொள்ளளவுள்ள பென் டிரைவில், விண்டோஸிலிருந்து ரூஃபஸ் என்ற சிறு நிரலைக் கொண்டு அதை எழுத வேண்டும். எழுதும்போது பென் டிரைவில் முன்னிருந்தவை அனைத்தும் அழிந்துவிடும். அடிக்கடி பிறருக்கு உதவுகிற பிள்ளைகளுக்கு வென்டாய் என்ற நிரல் பெரும் சௌகரியம். ஒருமுறை பென் டிரைவை அதற்கென்று தயார் செய்துவிட்டால், பிறகு எத்தனை இயங்குதளக் கோப்புகளையும் சும்மா பிரதி செய்து போட்டுவைத்து, வேண்டியதைத் தேர்ந்து எழுப்பலாம்.

விண்டோஸை வைத்துக்கொண்டே பக்கத்தில் லினக்ஸை அமர்த்துவதாயின், விண்டோஸுக்குள் செய்துமுடிக்க வேண்டிய பூர்வாங்க வேலைகள் மூன்று உண்டு. பிட்லாக்கர் என்ற மறையாக்கம் இயங்குகிறதா என்று பார்த்து, இயங்கினால் அதன் 48 இலக்க மீட்புச் சாவியை மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து எடுத்துத் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். புதுக் கணினிகளில் உரியவருக்கே தெரியாமல் இது இயங்கிக்கொண்டிருப்பது சகஜம். ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்பதை அணைத்துவிட வேண்டும். அது இருக்கும்வரை விண்டோஸ் முழுதாக மூடிக்கொள்வதில்லை, அதன் வட்டுப்பகுதியும் பாதித் தூக்கத்திலேயே இருக்கும். கடைசியாக, விண்டோஸின் ‘டிஸ்க் மேனேஜ்மென்ட்’டைக் கொண்டே சி டிரைவைச் சுருக்கிக் காலியிடம் உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.

மின்சாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வட்டுப்பகுதியின் அளவு மாறிக்கொண்டிருக்கும்போது கரெண்ட் போனால் கோப்புகள் சிதையலாம். பேட்டரி செத்துப்போய் எப்போதும் சார்ஜரிலேயே ஓடுகிற பழைய மடிக்கணினிகளை இவ்விஷயத்தில் மேஜைக் கணினியாகவே பாவிக்க வேண்டும். அமர ராஜா தொழிற்சாலை திருப்பதிக்கு அருகே கரகம்பாடியில் இருந்துகொண்டு தேசம் முழுவதற்கும் பேட்டரி அனுப்புகிறது; ஆனாலும் நம் வீடுகளில் யூ.பி.எஸ். இல்லாத கணினிகளே மிகுதி. சித்திரை வெயில் நாளில், மின்வெட்டு வருகிற பொழுது தெரிந்த ஊரில், அப்பொழுதைத் தவிர்த்து விடியற்காலையில் உட்காருங்கள்.

பென் டிரைவிலிருந்து கணினியை எழுப்புவதற்கு, மின்னிணைப்புக் கொடுத்த உடனே ஒரு விசையை விடாமல் தட்ட வேண்டும். டெல், லெனோவோ கணினிகளில் அது பெரும்பாலும் எஃப்12. எச்பியில் எஸ்கேப் தட்டிப் பிறகு எஃப்9. ஆசுஸ் மடிக்கணினிகளில் எஸ்கேப். ஏசரில் எஃப்12 என்றாலும், பயாஸுக்குள் போய் அந்த எஃப்12 பட்டியலை முதலில் இயக்கி வைத்தாலொழிய அது தலைகாட்டாது. ‘செக்யூர் பூட்’ என்ற பாதுகாப்பு ஏற்பாட்டை அணைத்துவிடுங்கள் என்று பழைய குறிப்புகள் சொல்லும். ஆனால் உபுண்டு, மின்ட், டெபியன் மூன்றும் அதோடு ஒத்துப்போகின்றன. தேவையின்றி அதைத் தொட்டால் பிட்லாக்கர் சந்தேகப்பட்டு மீட்புச் சாவியைக் கேட்கத் தொடங்கும்.

எழுந்த திரை இன்னும் வட்டைத் தொடாத பரீக்ஷைத் திரை. இங்கே அவசரப்படாமல் அரைமணி நேரம் உலாவவிடுவது என் அபிப்பிராயத்தில் மிக உயர்ந்த போதனாமுறை. வைஃபை கிடைக்கிறதா, ஒலி வருகிறதா, டச்பேட் கேட்கிறதா, வெளிச்சம் கூட்டும் விசை வேலை செய்கிறதா என்று புதியவரே ஒவ்வொன்றாகப் பார்க்கட்டும். வைஃபை வராவிட்டால் கலங்க வேண்டாம். ஆண்ட்ராய்டு கைப்பேசியை யூ.எஸ்.பி. கம்பியால் இணைத்து ‘டெதரிங்’ போட்டால், கம்பி இணைப்பு வந்ததாகவே லினக்ஸ் எடுத்துக்கொள்ளும். அதன் வழியாக வைஃபைக்கு வேண்டிய இயக்கியை இறக்கிக்கொள்ளலாம். இந்தப் பரீக்ஷையில் தேறாத கணினியை நிறுவாமலே மூடிவிடலாம். ஒரு நஷ்டமும் இல்லை.

இனி வருவது வட்டைப் பகுத்தல். வீடுகளில் அழுகை உண்டாவது இத்திரையில்தான், ஆகையால் சற்று விஸ்தாரமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு வன்வட்டைப் பகுப்பது, ஒரு சர்வே நம்பரை உட்பிரிவு செய்து கல் நடுவதை ஒக்கும். நிலம் அதுவேயானாலும், கல் எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்து யாருடைய பயிர் அழியும் என்பது தீர்மானமாகிறது. திரையில் பெரும்பாலும் மூன்று வழிகள் தோன்றும். விண்டோஸுக்குப் பக்கத்தில் நிறுவுவது ஒன்று. வட்டு முழுவதையும் அழித்து நிறுவுவது இரண்டு. நானே பகுத்துக்கொள்கிறேன் என்பது மூன்று. புதியவருக்கு மூன்றாவது வேண்டவே வேண்டாம். முதல் இரண்டில் எது என்பது, முந்தின நாள் எழுதிய காகிதத்தில் ஏற்கெனவே இருக்க வேண்டும். திரையைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது.

அழித்து நிறுவுவதானாலும், எந்த வட்டு என்பதில் கண்ணாயிருக்க வேண்டும். கணினியிலுள்ள வட்டும், செருகியிருக்கும் பென் டிரைவும், மறந்துபோய்க் கழற்றாமல் விட்ட வெளி வன்வட்டும் ஒரே பட்டியலில் நிற்கும். அவற்றின் பெயர்களோ ‘எஸ்டிஏ’, ‘எஸ்டிபி’, ‘என்விஎம்இ’ என்று புதியவருக்கு ஒன்றும் உணர்த்தாத சங்கேதங்கள். பெயரைப் பார்க்காமல் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். 500 ஜிபி என்று பெட்டியில் அச்சிட்ட வட்டு விண்டோஸில் 465 என்று தெரியும், லினக்ஸில் 500 என்றே தெரியக்கூடும். இரண்டும் ஒரே பொருள்தான், கணக்கிடும் முறை வேறு. பிரதி எடுத்து வைத்த வெளி வட்டைக் கழற்றி அலமாரியில் பூட்டிவிட்டு வந்து உட்கார்ந்தால், அழிக்கக் கூடாதது பட்டியலிலேயே இராது. பட்டியலில் வட்டே ஒன்றும் தென்படாவிட்டால், சில புதிய இன்டெல் கணினிகளில் ஆர்.எஸ்.டி. அல்லது வி.எம்.டி. என்ற அமைப்பு வட்டை மறைத்துவைத்திருக்கும். அதை மாற்றுவது விண்டோஸையும் பாதிக்குமாதலால், அன்றைக்கு அத்தோடு நிறுத்தி, விஷயம் தெரிந்த ஒருவரை அழைப்பதே விவேகம்.

‘இப்போது நிறுவு’ என்ற பொத்தானை அழுத்தியதும், நடக்கப் போகிற மாறுதல்களை வரிசைப்படுத்தி ஒரு சிறு பெட்டி வரும். அதை வாய்விட்டு வாசிக்கச் செய்யுங்கள். புரிந்தாலும் புரியாவிட்டாலும், வாய்விட்டு வாசிக்கிறவர் அவசரத்தில் பொத்தானை அமுக்குவதில்லை.

மொழிக் கேள்விக்கு வருவோம். வரிசைப்படி அது முதலில் வந்தாலும், அதன் விடை விசைப்பலகைக் கேள்வியோடு பின்னிக் கிடப்பதால் இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நிறுவிகள் பலவற்றின் மொழிப் பட்டியலில் தமிழும் தெலுங்கும் தத்தம் லிபியிலேயே தோன்றுகின்றன. வீட்டில் தமிழ் பேசுகிறார் என்பதற்காக ஒருவருக்குத் தமிழைத் தேர்ந்து கொடுத்துவிடலாகாது. சரளமாகத் தமிழ் பேசியும் தமிழ் எழுத்தை வாசிக்கப் பயின்றிராதவர் சித்தூர்ப் பக்கத்தில் ஏராளம். ‘எந்த எழுத்துல பேப்பர் படிப்பீங்க?’ என்று கேட்பதுதான் சரியான கேள்வி. தெலுங்கு என்றால் தெலுங்கு. ஆங்கில எழுத்தை ஓரளவு வாசிக்கக் கூடியவராயின், ஆரம்பத்தில் ஆங்கிலத் திரையையே நான் சிபாரிசு செய்வேன். மொழிபெயர்ப்பு பல இடங்களில் முற்றுப்பெறாமல் நிற்கிறது என்பது ஒரு காரணம், பிழைச் செய்தி ஒன்று வந்தால் ஆங்கில வாசகத்தைக் கொண்டு தேடினால் பரிகாரம் எளிதில் அகப்படும் என்பது மற்றொன்று. தாய்மொழித் திரையை ஒரு மாதம் கழித்தும் மாற்றிக்கொள்ளலாம். ஹைதராபாத்தைச் சேர்ந்த ஸ்வேச்சா இயக்கத்தார் தெலுங்கிலும், கணியம் மின்னிதழைச் சேர்ந்தவர்கள் 2012 முதல் தமிழிலும் இத்துறையில் ஆற்றிவரும் பணி, அப்போது மிகவும் கைகொடுக்கும்.

விசைப்பலகை விஷயத்திலோ விதிவிலக்கே கிடையாது: நிறுவும்போது ஆங்கிலமே இருக்க வேண்டும். கடவுச்சொல்லைத் தட்டுகையில் திரையில் விழுபவை வெறும் புள்ளிகள். தமிழ் விசைப்பலகையைத் தேர்ந்துவிட்டவர், ஆங்கில எழுத்தில் ‘பாலாஜி’ என்று தட்டியதாக எண்ணிக்கொண்டிருப்பார்; கணினியோ வாய்க்கு வராத ஏதோ ஒரு தமிழெழுத்துக் கோவையைக் கடவுச்சொல்லாகப் பதிந்துகொண்டிருக்கும்; மறுநாள் நுழைவுத் திரையில் ஆங்கில விசைப்பலகை அமைந்துவிட்டால், எத்தனை முறை தட்டினாலும் உள்ளே விடாது. பட்டியலில் இந்திய வகைகளுக்குள் ‘ரூபாய்க் குறியோடு கூடிய ஆங்கிலம்’ என்று ஒன்று இருக்கும். அது நமக்கு நல்ல தேர்வு, வலப்புற ஆல்ட் விசையோடு 4-ஐ அழுத்தினால் ₹ விழும். அத்திரையிலேயே தட்டிப் பார்க்க ஒரு பெட்டியும் கொடுத்திருப்பார்கள். தமிழ்99, தெலுங்கு இன்ஸ்கிரிப்ட் ஆகிய விசைப்பலகைகளை நிறுவி முடித்தபின் அமைப்புகளில் சேர்த்துக்கொண்டு, ஒரு விசைக் கூட்டால் மூன்று மொழிகளுக்கும் மாறி மாறிப் போகலாம்.

நேர மண்டலத் திரையில் சென்னையையும் ஹைதராபாத்தையும் தேடி மனிதர்கள் நெடுநேரம் தவிக்கிறார்கள். இந்தியா முழுவதற்கும் அங்கே கொல்கத்தா என்ற ஒரே பெயர்தான். பயனர் பெயரை ஆங்கிலச் சிற்றெழுத்தில், இடைவெளியின்றிச் சுருக்கமாக வைக்கவும். கடவுச்சொல்லை அந்தக் காகிதத்தில் எழுதிக்கொள்வதைப் பாதுகாப்பு நிபுணர்கள் கண்டிப்பார்கள். வீட்டுக் கணினிக்கு, எழுதாமல் மறந்துபோவதே பெரிய அபாயம் என்பது என் கட்சி. வட்டை மறையாக்கம் செய்யட்டுமா என்று கேட்டால், முதன்முறை நிறுவுகிறவர் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். பிறர் உருவாக்கிய இயக்கிகளையும் சேர்ப்பதாகக் குறியிட்டால், சில கணினிகளில் ஒரு தற்காலிகக் கடவுச்சொல் கேட்டு, மறுபடி எழும்போது நீலத் திரை ஒன்று காட்டும், அது பழுதன்று. ‘என்ரோல் மாக்’ என்பதைத் தேர்ந்து, அதே கடவுச்சொல்லைக் கொடுத்தால் வழிவிடும்.

நிறுவி முடிந்து கணினி தானாக எழுந்தபின், முதல் ஒரு மணி நேரத்தில் செய்யத்தக்கவை சில. புதுப்பிப்புகளை இறக்குதல், ஒலி, படம், காணொளி ஓடுகின்றனவா என்று பார்த்தல், காப்பாற்றி வைத்த நான்கு உறைகளையும் திரும்பக் கொண்டுவருதல். அச்சுப்பொறிகளில் எச்பி லேசர்ஜெட் 1020 நம் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை தோறும் காணப்படுவது; அது சும்மா மாட்டினால் அச்சிடாது, எச்பியின் தனி இணைப்பு நிரல் ஒன்றையும் இறக்கியாக வேண்டும். இரண்டு இயங்குதளங்களையும் மாறி மாறிப் பயன்படுத்துகிறவருக்கு விண்டோஸில் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பிசகிக் காட்டும். கணினிக்குள் இருக்கும் கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும் லினக்ஸ் சர்வதேச நேரமாகவும் வாசிப்பதே இதற்குக் காரணம். லினக்ஸில் ஓர் அமைப்பை மாற்றினால் சரியாகிவிடும்.

துணை நிற்பவருக்குக் கடைசியாக ஒரு விண்ணப்பம். மவுஸை நீங்கள் பிடிக்காதீர்கள். ஐந்து நிமிஷத்தில் உங்களால் முடிகிற காரியத்துக்கு அவருக்கு அரைமணி பிடிக்கும், பிடிக்கட்டும். நீங்களே நிறுவிக் கொடுத்த கணினியில் மறுநாள் ஒரு சிறு ஜன்னல் திறக்காவிட்டாலும் உங்களைத்தான் கூப்பிடுவார்கள். நிறுவிய பென் டிரைவை அழித்துச் சினிமாப் பாட்டுக்கு உபயோகிக்காமல், பெயர் எழுதி உறையிலிட்டு அவரிடமே கொடுத்துவிட்டு வாருங்கள். கணினி என்றைக்காவது எழ மறுத்தால், கோப்புகளை வெளியே எடுக்கவும் கெட்ட எழுப்பியைச் சரிசெய்யவும் அதுவே சாதனம். 2024-ல் வந்த உபுண்டு 24.04-க்கும், அதை ஆதாரமாகக் கொண்ட மின்ட் 22-க்கும் 2029 வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகள் உண்டு.